மாடித்தோட்டத்துக் காய்க்கு ஓடிஜி: ஒரு கோடை பயன்படுத்திய பிறகு

ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்புப் பெட்டி) வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் கேக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி கேக்குக்காக ஓடியதைவிடக் காய்கறிக்காக ஓடியதுதான் அதிகம். மாடியில் தொட்டியிலும் பையிலும் காய் பறிக்கிற வீட்டுக்கு, அதுவும் கோடையில், இது நன்றாக உழைக்கிற சாமான். இதை வைத்துச் செய்யவே கூடாத வேலைகளும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன்.

நான் திருச்சி திருவெறும்பூர் பாய்லர் ஆலையில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெல்டிங் முடிந்த ஹெட்டர்களை, அதாவது பாய்லரின் தடித்த குழாய்களை, உலையில் ஏற்றி, 600 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், மணிக்கு இத்தனை டிகிரி என்று கணக்காக ஏற்றி இறக்குவோம். உலையின் முகப்பில் இருக்கும் மீட்டரை மட்டும் நம்பமாட்டோம். இரும்பின் மேலேயே ஆங்காங்கே தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) பொருத்தி, அது என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. அந்தப் பழக்கம் இப்போது சமையலறைக்கு வந்திருக்கிறது. மாடித்தோட்டம் என் மனைவியின் பொறுப்பு, அடுப்படி பெரும்பாலும் என்னுடையது. வீடு காட்டூரில்.

வாங்கியது 28 லிட்டர், 1,500 வாட். மேலே இரண்டு, கீழே இரண்டு ஹீட்டர் கம்பிகள், உள்ளே சூட்டுக்காற்றைச் சுற்றிவிடும் ஃபேன், 100 முதல் 250 டிகிரி வரை ஒரு குமிழ், 60 நிமிட டைமர். விலை ஏழாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. கடையில் நான் கதவைத் திறந்து பார்த்த நாலைந்து கம்பெனிகளிலும் இந்த அளவில் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது. நான் சொல்வதில் பெரும்பகுதி எதற்கும் பொருந்தும்.

முதலில் ஒயரிங். 1,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். மிக்ஸி போடுகிற சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது, அது இதற்குப் போதாது. 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேண்டும். அடாப்டர் வைத்துச் சின்ன பாயின்ட்டில் மாட்டி ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஓடியதும் அந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், எவ்வளவு சூடு என்று. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி ஒயர் இழுத்த பிறகு ஓடிஜி வாங்குங்கள்.

அடுத்தது குமிழ் சொல்வது உண்மையா என்பது. உள்ளே தட்டின் நடுவில் தெர்மோகப்பிளை வைத்து 180-இல் திருப்பினேன். ஏறி 195 வரை போகிறது, கம்பி அணைகிறது, 165 வரை இறங்குகிறது, மறுபடி பற்றுகிறது. சராசரி பார்த்தால் 180 சரிதான். பின்பக்கம் இடது மூலையில் மட்டும் எப்போதும் பத்து டிகிரி கூடுதல். இந்த விலைப் பெட்டிக்கு இது மோசமில்லை. பாதி வேகும்போது தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. குமிழின் விளக்கு அணைந்ததும் பெட்டி தயார் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் தடவை விளக்கு அணையும்போது காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. இரண்டாவது முறை அணையும்வரை பொறுங்கள். மொத்தம் 15 நிமிடம் ஆகும்.

தெர்மோகப்பிள் எல்லார் வீட்டிலும் இருக்காது. அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. சர்க்கரை உருகுவது ஏறக்குறைய 186 டிகிரியில். அலுமினியத் தாளைக் கிண்ணம்போல மடித்து ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, நன்றாகச் சூடான பெட்டியில் 175-இல் கால் மணி நேரம் வையுங்கள். சர்க்கரை அப்படியே இருக்க வேண்டும். அப்புறம் 190-க்கு ஏற்றிக் கால் மணி நேரம். இப்போது உருக வேண்டும். 175-இலேயே உருகிவிட்டால் உங்கள் பெட்டி சொல்வதைவிடச் சூடு, 190-இலும் உருகாவிட்டால் குறைவு. அதற்கேற்பக் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம்.

கோடைக்கே உரிய இன்னொரு விஷயம் வோல்டேஜ். மாலை ஏழு மணிக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது எங்கள் லைனில் 200 வோல்ட்டுக்கு வந்துவிடும். கம்பி தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-இல் 1,500 வாட் தரும் கம்பி 200-இல் சுமார் 1,130 வாட்தான் தரும், அதாவது கால் பங்கு போய்விடும். பெட்டி சூடாகவே நேரம் பிடிக்கிறது, கதவைத் திறந்து மூடினால் இறங்கிய சூடு திரும்ப ஏற மாட்டேன் என்கிறது. காலையில் நன்றாக எழும்பும் அதே மாவு மாலையில் நடுவில் அமுங்குவதற்கு இது பெரிய காரணம். செய்முறை மேல் குற்றமில்லை.

இனி காய்கறி. முதலில் தக்காளி, ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசைத் தக்காளியே திருப்பித் தந்துவிட்டது என்பேன். தையில் நட்ட நாற்று பங்குனியில் ஒரேயடியாகப் பழுக்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் புதுப் பூ நிற்காமல் உதிர ஆரம்பிக்கும், அதனால் அந்த ஒரு விளைச்சல்தான். பழம் சின்னது, தோல் கெட்டி, புளிப்பு தூக்கல். தொக்குக்கு அதைவிட நல்ல பழம் கிடையாது. ஆனால் மூன்று கிலோ தக்காளியை வாணலியில் வதக்கித் தண்ணீர் வற்றவைக்கிற வேலையைச் சித்திரை மாதத்தில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது என்ன வேலை என்று. முக்கால் மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும், தெறிக்கும், கிண்டாமல் விட்டால் அடிபிடிக்கும்.

ஓடிஜியில் தக்காளியைப் பாதியாக வெட்டி, வெட்டிய முகம் மேலே இருக்கும்படி தட்டில் ஒரே அடுக்காக வைக்கிறேன். உப்பு, உரித்த பூண்டு, நல்லெண்ணெய். ஃபேனோடு 150 டிகிரி, இரண்டு மணி நேரம். நடுவில் கதவை இரண்டு மூன்று தடவை ஒரு நொடி திறந்து ஆவியை வெளியே விடுவேன். வெளியே எடுக்கும்போது பழம் பாதியாகச் சுருங்கி, ஓரம் கருஞ்சிவப்பாகி, தோல் தானாகக் கழன்று வரும். அப்புறம் வாணலியில் கடுகு, பெருங்காயம், வெந்தயப்பொடி, மிளகாய்த்தூள் போட்டு இதைக் கொட்டினால் பத்து நிமிடத்தில் தொக்கு. சுவையும் வேறு. வாணலியில் எல்லாம் ஒன்றாக வெந்துபோன மணம் வரும், இதில் சுட்ட தக்காளியின் இனிப்பு தனியாகத் தெரியும்.

கரண்ட் எவ்வளவு ஆகும்? ஒரு கிலோ தக்காளியில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். அதில் 700 கிராமை ஆவியாக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல். கணக்குப் போட்டால் 0.44 யூனிட் வரும். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், உண்மையில் ஆனது 1.2 யூனிட். மீதியில் பெரும்பகுதி பெட்டியின் தகரச் சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் வெளியே போன சூடு. இந்தச் சாமானின் பெரிய குறை இதுதான். சுவருக்குள் காப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இருந்தும் ஒரு யூனிட்டுச் சொச்சத்தில் இரண்டு மணி நேரம் நான் வேறு வேலை பார்க்கிறேன் என்பதால் எனக்கு அது நட்டமாகத் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நிறுத்தப் பார்க்கிற வீடுதான் எங்களுடையதும். வாரம் இரண்டு தடவை பெட்டி ஓடியும் நின்றது.

சுரைக்காய்க்கு வருவோம். கொடி மாடியில் பந்தல் ஏறிவிட்டால் காயை எண்ண முடியாது. "ஏங்க, இன்னிக்கு ரெண்டு பறிச்சே ஆகணும், விட்டா முத்திடும்" என்று மேலே இருந்து குரல் வரும். கூட்டும் மோர்க்குழம்பும் செய்து சலித்த பிறகு என்ன செய்வது? ஆலைக் குடியிருப்பில் இருந்த காலத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு குஜராத்திக் குடும்பம். அந்த அம்மா ஹாண்ட்வோ என்று ஒன்று செய்து தருவார். அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் சுரைக்காய் துருவிப் போட்டு, மேலே எள்ளும் கடுகும் தாளித்து ஊற்றி வேகவைப்பது. நம் அடை மாவுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

நான் செய்கிற விதம்: இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், துவரம்பருப்பும் உளுந்தும் கால் கால் டம்ளர், நாலு காய்ந்த மிளகாய். அடைக்கு அரைக்கிற மாதிரியே கொரகொரப்பாக அரைத்து, அரை டம்ளர் புளித்த தயிர் கலந்து வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், ராத்திரி முழுக்க விட்டால் புளிப்பு தாங்காது. பிஞ்சுச் சுரைக்காய் துருவல் இரண்டு டம்ளர், உப்புப் பிசிறி வைத்து ஒட்டப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். பிழிந்த தண்ணீரை ரசத்தில் ஊற்றலாம். இஞ்சி, கொத்தமல்லி, ஒரு சிட்டிகை சோடா. எண்ணெய் தடவிய தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம். நல்லெண்ணெயில் கடுகு, எள், கறிவேப்பிலை தாளித்து மேலே பரவலாக ஊற்றி, மேலும் கீழும் கம்பி எரிய 190-இல் 40 நிமிடம், கடைசியில் மேல்கம்பி மட்டும் ஏழெட்டு நிமிடம். மேலே எள் பொரிந்து மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டுத் துண்டு போடுங்கள். வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆறு பேருக்கு ஒரு தட்டு போதும். இதையே அடையாக வார்த்தால் ஒரு மணி நேரம் தோசைக்கல் முன்னால் நிற்க வேண்டும்.

வெண்டைக்காய், பாகற்காய் இரண்டும் சுலபம். முழு வெண்டையை நல்லெண்ணெயில் புரட்டி 200-இல் 20 நிமிடம். வழவழப்பு சுத்தமாகப் போய்விடும், அப்படியே தயிரில் போட்டால் பச்சடி. பாகற்காயை மெல்லிய வட்டமாக அரிந்து மஞ்சள்தூளும் உப்பும் பிசிறி 160-இல் அரை மணி நேரத்துக்கு மேல், திருப்பிப் போட்டுப் போட்டு. பொரித்த வறுவலுக்கு ஆகும் எண்ணெயில் கால்வாசிகூட ஆகாது. எதைச் செய்தாலும் தட்டில் இடைவெளி விடுங்கள். நெருக்கிப் போட்டால் காய் விடுகிற ஆவியிலேயே மற்ற காய் வெந்து தொளதொளத்துவிடும்.

கத்தரிக்காயை இதில் சுட வேண்டாம். வேகும், தோலும் உரியும், ஆனால் கொத்சுக்கு வேண்டியது அந்தத் தணல் வாடை. தோல் நேரடி நெருப்பில் கருகினால்தான் அது வரும். கேஸ் அடுப்பின் மேல் கம்பி வலை வைத்துச் சுடுவது இதைவிட எவ்வளவோ மேல், பத்து நிமிட வேலைதான்.

அதேபோல வத்தல், வடாம். மொட்டை மாடி சும்மா கொளுத்துகிறபோது கொத்தவரங்காய் வத்தலையும் மோர்மிளகாயையும் கரண்ட் போட்டு உலர்த்துவதில் அர்த்தமில்லை. வெயிலில் காய்ந்த வத்தல் பொரியும் விதமே தனி. இந்தப் பெட்டி 100 டிகிரிக்குக் கீழே போகாது என்பதால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஒரே ஒரு சமயம் உதவும். அக்கினி நட்சத்திரத்தில் திடீரென்று ஒரு கோடைமழை அடித்து, முக்கால் காய்ச்சல் காய்ந்த வத்தல் நனைந்துவிட்டால், 100-இல் கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து ஈரம் போகும்வரை ஓட்டலாம். பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றிவிடும். கறிவேப்பிலைப் பொடிக்கு இலை உலர்த்தவும் இதே வழி, பத்துப் பன்னிரண்டு நிமிடம், பக்கத்திலேயே நின்று.

சரி, பேக்கிங். கிணற்றடியில் எங்களுக்கு ஒரு பூவன் கட்டை இருக்கிறது. தார் வெட்டித் தொங்கவிட்டால் மூன்றாம் நாள் ஒரு சீப்பு, நாலாம் நாள் மொத்தமும். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில் இருக்கிறது, வாழைப்பழத்தை வீணாக்க இந்த ஊர்க்காரனுக்கு மனசு வராது. வாழைப்பழ கேக் செய்முறைகள் பெரும்பாலும் மோரிஸ் பழத்துக்கு எழுதியவை. பூவனில் லேசான புளிப்பு இருக்கிறது, பழம் சின்னது, சதை இறுக்கம். அந்தப் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவைத் தூக்கும், அதனால் முட்டையில்லாமலும் நன்றாக எழும்புகிறது. தோல் கறுத்த பூவன் எட்டு, நாட்டுச்சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 100 மில்லி, தயிர் நாலு ஸ்பூன். இவற்றை மசித்து, கோதுமை மாவு 200 கிராம், ஒரு டீஸ்பூன் சோடா, ஏலக்காய், சிட்டிகை உப்பு சலித்துச் சேர்த்து, கட்டி தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து, உடனே பெட்டிக்குள். 170-இல் 45 நிமிடம். கலந்த மாவை அரை மணி நேரம் வைத்தால் சோடாவின் வேலை வெளியிலேயே முடிந்துவிடும். ஃபேன் வேண்டாம், மேலே சீக்கிரம் பொருக்குக் கட்டி வெடித்துவிடும்.

முருங்கைக்கீரை கார பிஸ்கட் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் மரத்தில் காய் இறங்கியதும் கிளையைக் கவாத்து பண்ணுவோம், அன்றைக்குக் கீரை மலையாகக் குவியும். உருவி, கழுவி, துணியில் நன்றாக ஈரம் போக ஆற்றிப் பொடியாக நறுக்கிய கீரை இரண்டு கைப்பிடி. கோதுமை மாவு 200 கிராம், அரிசி மாவு 50, வெண்ணெய் 100, பச்சைமிளகாய் விழுது, சீரகம், உப்பு, பிசைய மோர். கால் அங்குலத்துக்கும் மெல்லியதாகத் திரட்டி வெட்டி, முள்கரண்டியால் குத்தி, 160-இல் 20 முதல் 25 நிமிடம். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறியதும் மொறுமொறுக்கும். கீரையில் ஈரம் இருந்தால் மட்டும் ஒருநாளும் மொறுமொறுக்காது. ஒரு டப்பா நிறைய நான் விரும்பிச் செய்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவது இதுதான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சமையலறைக்குள் வேண்டாம். ஒரு யூனிட் கரண்ட் உள்ளே போனால் அவ்வளவு சூடும் கடைசியில் வீட்டுக்குள்தான் வரும், வேறு எங்கும் போகாது. மே மாதத்தில் ஏற்கெனவே கொதிக்கிற அறையில் அது கொடுமை. துணி துவைக்கிற பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு கடப்பைக்கல் மேடை போட்டு, பவர் பாயின்ட் இழுத்து அங்கே வைத்திருக்கிறோம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. காலை ஐந்தரைக்குப் போட்டால் வோல்டேஜும் முழுசாக இருக்கும், வெயிலுக்கு முன்னால் வேலையும் முடியும். பெட்டியின் மேல்தகரமும் கதவுக் கண்ணாடியும் கையைச் சுட்டுவிடும், குழந்தைகள் எட்டுகிற உயரத்தில் வைக்காதீர்கள்.

குறைகளில் டைமர் முதலிடம். சாவி கொடுக்கிற மாதிரித் திருகும் வகை, 60 நிமிடத்துக்கு ஐந்தாறு நிமிடம் முன்னதாகவே மணி அடித்து அணைந்துவிடுகிறது. செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு, டைமரை எப்போதும் கூடுதலாகவே திருகுகிறேன். சர்வீஸ் சென்டருக்குச் சொன்னபோது வருகிறோம் என்றார்கள், பல தடவை நினைவுபடுத்திய பிறகு வந்தவர் இது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பணம் கொடுத்து வாங்கியவனுக்குச் சொல்கிற பதில் அதுவல்ல. ஆகவே வாங்கும்போதே கடையில் பிளக்கில் மாட்டி, டைமரை 15 நிமிடம் ஓடவிட்டு வாட்சைப் பார்த்துவிட்டு எடுங்கள். நல்ல கடை என்றால் மறுக்க மாட்டார்கள்.

கூடவே வாங்க வேண்டியது உள்ளே தொங்கவிடும் ஒரு தெர்மாமீட்டரும், இன்னொரு அகலத் தட்டும். கூட வருகிற ஒரு தட்டில் முக்கால் கிலோ தக்காளிதான் பிடிக்கும். கோழி சுற்றும் கம்பியுள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், எங்கள் வீட்டில் அது பாலிதீன் உறையைவிட்டு வெளியே வரவில்லை. அந்தப் பணத்துக்கு 28 லிட்டருக்குப் பதில் 35 லிட்டர் கிடைத்தால் அதை எடுங்கள். சுரைக்காய் காய்க்கும் வீட்டுக்கு அந்த ஏழு லிட்டர் தேவைப்படும்.